கடற்படைகள் வளர்க்கும் நட்பு: எதுவரை செல்லும்?

இலங்கையின் காலி நகரில் 1911-ஆம் ஆண்டு, ஒரு மதகின் மூடியாகக் கவிழ்த்துப் போடப்பட்டிருந்த கல்லைப் புரட்டிப் பார்த்தபோது அதில் மூன்று மொழிகளில் எழுத்து இருந்தது: சீனம், தமிழ், பாரசீகம். 1409-ஆம் ஆண்டைக் குறிப்பிடும் அந்தக் கல்லைச் சீனாவிலேயே செதுக்கி, மிங் பேரரசின் தளபதி செங் ஹோ தன் கப்பல்களில் ஏற்றி வந்திருந்தார். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்தை வணங்குகிறது. பாரசீகப் பகுதி அல்லாவைத் துதிக்கிறது. மூன்று சமயத்தாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எனக் காணிக்கை. போய் இறங்கும் கரையில் யார் யார் வாழ்கிறார்கள் என்று விசாரித்து, எவர் மனமும் கோணாமல் நடந்துகொள்ளத் தெரிந்த கடற்படை அது. ஆனால் இலங்கையின் தென்மேற்கில் ஆட்சி செலுத்திய அளகேசுவரனோடு மோதல் முற்றியபோது, அதே செங் ஹோவின் படை அவனைக் குடும்பத்தோடு சிறைபிடித்து 1411-இல் சீனாவுக்குக் கொண்டுபோனது. பேரரசர் பிறகு அவனை விடுவித்துவிட்டார் என்பது தனிக்கதை.

காணிக்கை கொண்டுவந்த படையும் ஆளைக் கட்டிக்கொண்டு போன படையும் ஒன்றுதான். கடற்படைகள் நாடுகளுக்கிடையே நட்பை வளர்க்கின்றன, கடலில் அமைதியைக் காக்கின்றன என்று இன்று அரசுகள் சொல்லும்போது இந்த இரட்டைத் தன்மையை ஒதுக்கிவிட்டு அதை எடைபோட முடியாது. கடற்படைகளின் வரலாற்றைப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: அரசுகள் விரும்பாத நட்பைக் கடற்படைகளால் உண்டாக்க முடிந்ததில்லை. ஆனால் இருக்கிற பகை தற்செயலாகப் பற்றி எரியாமல் பார்த்துக்கொள்ள அவற்றால் முடிந்திருக்கிறது. அந்த வேலை பெரும்பாலும் விளம்பரம் இல்லாதது. அலுப்பூட்டக்கூடியதும்கூட.

தரைப்படைக்கு இல்லாத வசதி

ஒரு நாட்டின் டாங்கிகள் அண்டை நாட்டு எல்லையைத் தாண்டினால் அது படையெடுப்பு. அதே நாட்டின் போர்க்கப்பல் முன்கூட்டி அனுமதி பெற்று அண்டை நாட்டுத் துறைமுகத்துக்கு வந்தால் பேண்டு வாத்தியம் முழங்க வரவேற்பு கிடைக்கும். இந்த வேறுபாடு கடலின் சட்டத்திலிருந்து வருகிறது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரைதான் ஒரு நாட்டின் ஆட்சிக்கடல். அதற்குள்ளும்கூட, அமைதிக்கு ஊறு செய்யாமல் கடந்துபோகும் உரிமை பிறநாட்டுக் கப்பல்களுக்கு உண்டு என்கிறது 1982-இன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை. போர்க்கப்பல்கள் இந்த உரிமையை எப்படிப் பயன்படுத்தலாம், முன்அனுமதி வேண்டுமா என்பதில் நாடுகள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆழ்கடலோ எல்லோருக்கும் பொது.

அதனால் தரைப்படை வீரர்கள் வேலிக்கு இப்பாலும் அப்பாலும் நிற்கையில், கடற்படையினர் வேலியே இல்லாத வெளியில் பகை நாட்டுக் கப்பலை அன்றாடம் கண்ணெதிரே பார்க்கிறார்கள். ஒருவரையொருவர் ரேடியோவில் கூப்பிடுகிறார்கள். வழிவிடுகிறார்கள், சில சமயம் வழிமறிக்கிறார்கள். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. புயலும், தீயும், மூழ்குதலும் கொடி பார்த்து வருவதில்லை. கடலில் ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றுவது கப்பல் தலைவனின் கடமை என்பது பழைய வழக்கம். மேற்சொன்ன உடன்படிக்கையின் 98-ஆம் பிரிவு அதை எழுத்தில் வைத்திருக்கிறது. உலக வணிகச் சரக்கில் எடையளவில் 80 விழுக்காட்டுக்கும் மேல் கடல் வழியே போகிறது என்பதால், பாதை திறந்திருக்க வேண்டும் என்ற அக்கறையும் பகைவர்களுக்குக்கூடப் பொதுவாக இருக்கிறது.

கொடி, பீரங்கி மரியாதை, விருந்து

துறைமுகத்துக்குள் நுழையும் போர்க்கப்பல் பீரங்கி முழக்கி மரியாதை செய்வது, என் பீரங்கியில் இருந்த குண்டைத் தீர்த்துவிட்டேன், இனி உனக்கு ஆபத்தில்லை என்று காட்டுவதிலிருந்து வந்த வழக்கம். நல்லெண்ணப் பயணங்களின் அடிப்படை இதுதான்: ஆயுதம் இருக்கிறது, ஆனால் உன்மேல் நீட்டவில்லை. இதைச் சொல்வதற்காகவே நாடுகள் கப்பல்களை அனுப்பி வந்திருக்கின்றன.

சில சமயம் இது பெரிய விளைவைத் தந்திருக்கிறது. 1891-இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் ரஷ்யாவின் குரோன்ஸ்டாட் துறைமுகத்துக்கு வந்தபோது, ரஷ்ய மண்ணில் தடைசெய்யப்பட்டிருந்த பிரெஞ்சு தேசியப் புரட்சிப் பாடலுக்கு ஜார் மன்னர் மூன்றாம் அலெக்சாந்தர் தலையிலிருந்து தொப்பியை எடுத்துவிட்டு நின்றார். முடியாட்சியும் குடியரசும் கைகோத்த அந்தக் காட்சி ஐரோப்பாவை அதிர வைத்தது. 1893-இல் ரஷ்யக் கப்பல்கள் தூலோன் துறைமுகத்துக்குப் பதில் வருகை செய்தன. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் இரு நாட்டு ராணுவக் கூட்டணி உறுதியானது. அது நட்பா? பாரிஸிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் ஆம். பெர்லினில் அதற்குப் பெயர் முற்றுகை. ஒரு துறைமுகத்தில் நல்லெண்ணமாகத் தெரியும் கப்பல், வேறொரு தலைநகரில் மிரட்டலாகத் தெரியும்.

இன்னும் கசப்பான எடுத்துக்காட்டு 1914 ஜூன் மாதத்துக் கீல் விழா. ஜெர்மனியின் படகோட்டத் திருவிழாவுக்குப் பிரிட்டன் தன் புத்தம்புதிய போர்க்கப்பல்கள் நான்கை விருந்தாளிகளாக அனுப்பியிருந்தது. இரு நாட்டு மாலுமிகளும் ஒருவர் கப்பலில் மற்றவர் விருந்துண்டார்கள், பந்தயங்களில் கலந்தார்கள். ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் கொல்லப்பட்ட செய்தி ஜெர்மானியப் பேரரசருக்கு அங்கேதான், அவருடைய பாய்மரப் படகில் எட்டியது. விடைபெறும்போது பிரிட்டிஷ் தளபதி, என்றும் நண்பர்களாக இருப்போம் என்ற பொருளில் சமிக்ஞை அனுப்பிவிட்டுப் போனார். ஐந்து வாரங்களில் இரு நாடுகளும் போரில் இருந்தன. விருந்துக்கு வந்த நான்கில் ஒன்றான ‘ஆடேஷியஸ்’ அக்டோபரில் ஜெர்மானியக் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. அந்த மாலுமிகளின் தோழமை போலியானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் போரா அமைதியா என்பதை முடிவு செய்தவர்கள் அவர்கள் அல்லர்.

அணிவகுப்புகள் இன்று பெருகித்தான் இருக்கின்றன. இந்தியக் கடற்படை 2001-இல் மும்பையில் பன்னாட்டு அணிவகுப்பை ‘நட்புப் பாலங்கள்’ என்ற முழக்கத்தோடு நடத்தியது. 2016-இல் விசாகப்பட்டினத்தில் சுமார் 50 நாடுகள் கூடின. 1995-இல் போர்ட் பிளேரில் இந்தோனேசியா, சிங்கப்பூர், இலங்கை, தாய்லாந்து என நான்கு நாட்டுக் கடற்படைகளை அழைத்துத் தொடங்கிய ‘மிலன்’ கூட்டுப் பயிற்சி, 2024-இல் சுமார் 50 நாடுகள் வரை வளர்ந்துவிட்டது. இவற்றில் கேமராவுக்குத் தெரியாத பகுதிதான் பயனுள்ளது: இரு தரப்பு ரேடியோக் கருவிகளும் ஒத்துப்போகின்றனவா, நடுக்கடலில் ஒரு கப்பலிலிருந்து மறு கப்பலுக்கு எரிபொருள் குழாய் பொருந்துமா, அங்கே இரவில் கூப்பிட்டால் எடுக்கும் அதிகாரி யார்.

நல்லெண்ணப் பயணங்களில் எனக்கு மிகப் பிடித்தது, தோற்றுப்போன ஒரு பயணம். ஒட்டோமான் கப்பல் ‘எர்துருல்’ 1889-இல் இஸ்தான்புல்லிலிருந்து புறப்பட்டு, வழிநெடுகத் துறைமுகங்களில் தங்கி, 1890-இல் ஜப்பான் சேர்ந்தது. திரும்பும் வழியில் செப்டம்பர் 16 இரவு புயலில் பாறையில் மோதி உடைந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிழைத்த 69 பேரைக் குஷிமோட்டோ அருகே ஒரு தீவின் ஏழைக் கிராமத்தார் தம்மிடம் இருந்ததைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். ஜப்பானியக் கடற்படை தன் ‘ஹியேய்’, ‘கொங்கோ’ கப்பல்களில் அவர்களை இஸ்தான்புல் வரை கொண்டுபோய் விட்டது. 1985-இல் ஈரான்–ஈராக் போரின்போது டெஹ்ரானில் சிக்கிய 215 ஜப்பானியரைத் துருக்கி விமானங்கள் மீட்டு வந்தன. அந்த மீட்பைப் பற்றிப் பேசுகையில் இரு நாட்டாரும் இன்றும் எர்துருலை நினைவுகூர்கிறார்கள். திட்டமிட்ட சடங்குகளை மறந்துவிட்டார்கள். திட்டமிடாத ஓர் இரவுதான் நூற்றாண்டு தாண்டி நிற்கிறது.

மோதாமல் இருக்க ஓர் ஒப்பந்தம்

அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பனிப்போர் காலத்தில் கடலில் ஆடிய ஆட்டம் நினைத்துப் பார்க்க அச்சம் தருவது. ஒன்றின் பாதையில் மற்றது குறுக்கே பாயும். கடைசி நொடி வரை யார் விலகுவது என்று பார்க்கும். பீரங்கிகளை எதிராளி பக்கம் திருப்பும். இரவில் கப்பல் ஓட்டும் மேடைமீது கண்கூசும் விளக்கைப் பாய்ச்சும். 1967 மே மாதம் ஜப்பான் கடலில் அமெரிக்க நாசகாரிக் கப்பல் ‘வாக்கர்’ அடுத்தடுத்த இரு நாட்களில் இரண்டு சோவியத் கப்பல்களோடு உரசியது. 1968-இல் அமெரிக்க விமானம் தாங்கிக் கப்பல் ‘எசெக்ஸ்’ அருகே தாழப் பறந்து மிரட்டிய சோவியத் குண்டுவீச்சு விமானம் கடலில் விழுந்து, அதிலிருந்த அனைவரும் இறந்தனர். 1970-இல் மத்தியதரைக் கடலில் பிரிட்டனின் ‘ஆர்க் ராயல்’ கப்பலும் ஒரு சோவியத் நாசகாரியும் மோதிக்கொண்டன. அணு ஆயுதம் வைத்திருக்கும் இரு தரப்பு, ஓர் இளம் அதிகாரியின் திமிராலோ கைப்பிழையாலோ போருக்குள் சறுக்கிவிடலாம் என்ற நிலை.

1972 மே 25 அன்று மாஸ்கோவில் கையெழுத்தான கடல் நிகழ்வுகள் ஒப்பந்தம் இதற்குத்தான் வந்தது. அமெரிக்கக் கடற்படைச் செயலர் ஜான் வார்னரும் சோவியத் கடற்படைத் தலைவர் செர்கேய் கோர்ஷ்கோவும் கையெழுத்திட்டார்கள். ஒரு கப்பலைக்கூடக் குறைக்கச் சொல்லாத ஒப்பந்தம் அது. எந்தக் கடலையும் யாருக்கும் ஒதுக்கவில்லை. துப்பாக்கி, ஏவுகணை, டார்பிடோக் குழாய்களை எதிராளி பக்கம் நீட்டிப் பாசாங்குத் தாக்குதல் நடத்தாதே. கப்பல் மேடைமீது விளக்கடிக்காதே. நீ என்ன செய்யப்போகிறாய் என்பதைச் சமிக்ஞையால் சொல். ஆபத்தான பயிற்சி நடத்துமுன் அறிவி. தகராறு வந்தால் தூதரகக் கடற்படை அதிகாரி வழியே தெரிவி. அவ்வளவுதான். அடுத்த ஆண்டே, வணிகக் கப்பல்களையும் மிரட்டக் கூடாது என்று ஒரு பின்னிணைப்பு சேர்ந்தது.

இரண்டு விஷயங்கள் இந்த ஒப்பந்தத்தை வாழவைத்தன. ஒன்று, எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்ற எண் அதில் இல்லை. சோவியத் தரப்பு ஓர் எண்ணைக் கேட்டது, அமெரிக்கா மறுத்தது. எண் வைத்தால் அந்தக் கோட்டின் விளிம்பு வரை போய் நிற்பதே புதிய ஆட்டமாகிவிடும் என்ற வாதம் கடைசியில் சரியாகவே இருந்தது. இரண்டு, ஆண்டுக்கொரு முறை இரு கடற்படை அதிகாரிகளும் ஒரு மேசையில் உட்கார்ந்து, போன ஆண்டு நடந்த ஒவ்வொரு உரசலையும் புகைப்படத்தோடு பேசினார்கள். பத்திரிகையாளர் இல்லை, மேடைப் பேச்சு இல்லை. பேச்சுவார்த்தை நின்றுபோன இரு வீட்டார், குழாயடி முறையை மட்டும் தகராறின்றிப் பேசி வைத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு. வெளியே அரசியல் எவ்வளவு கெட்டாலும் இந்த மேசை பெரும்பாலும் நிலைத்தது. 1973 அக்டோபரில் அரபு–இஸ்ரேல் போர் மூண்டு, மத்தியதரைக் கடலில் இரு வல்லரசுகளின் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் நெருங்கி நின்றபோது அது முதல் சோதனையைத் தாண்டியது.

ஒப்பந்தத்தால் உரசல்கள் அற்றுப்போய்விடவில்லை. 1988 பிப்ரவரியில் கருங்கடலில், சோவியத் ஆட்சிக்கடலுக்குள் புகுந்த ‘யார்க்டவுன்’, ‘கேரன்’ என்ற அமெரிக்கக் கப்பல்களைச் சோவியத் கப்பல்கள் வேண்டுமென்றே இடித்தன. ஆனால் அடுத்து நடந்ததைக் கவனிக்க வேண்டும். 1989-இல் அமைதியாகக் கடந்துபோகும் உரிமைக்கு இரு நாடுகளும் ஒரே விளக்கத்தை எழுதி ஒப்புக்கொண்டன. பழகிப்போன மேசை இருந்ததால் இடிபாடு சட்ட விவாதமாக மாறியது. பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளும் பிறகு சோவியத் ஒன்றியத்தோடு இதே வகை ஒப்பந்தங்களைச் செய்துகொண்டன.

இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே 1991-இல் கையெழுத்தான ராணுவப் பயிற்சி முன்னறிவிப்பு ஒப்பந்தத்திலும் கடலுக்கு ஒரு வரி இருக்கிறது: பன்னாட்டுக் கடலில் இரு தரப்புக் கப்பல்களும் மூன்று கடல் மைலுக்குள் நெருங்கக் கூடாது. 2011 ஜூனில் கடற்கொள்ளையரிடமிருந்து விடுபட்டு வந்த ‘சூயஸ்’ என்ற வணிகக் கப்பலுக்குத் துணைபோகையில் இந்தியாவின் ஐஎன்எஸ் கோதாவரியும் பாகிஸ்தானின் பிஎன்எஸ் பாபரும் உரசிக்கொண்டன. இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றம்சாட்டின. இரண்டுமே சுட்டிக்காட்டியது அதே 1991 ஒப்பந்தத்தை. விதி மீறப்பட்டது உண்மை. ஆனாலும் சண்டையை எந்த வார்த்தைகளில் போடுவது என்பதை அந்த விதிதான் தீர்மானித்தது. அது சிறிய ஆதாயம் இல்லை.

மேற்குப் பசிபிக்கில் இதே தேவை பின்னர் எழுந்தது. 2013 ஜனவரியில் கிழக்குச் சீனக் கடலில் சீனப் போர்க்கப்பல் ஒன்று ஜப்பானியக் கப்பல்மீது தாக்குதல் குறிபார்க்கும் ரேடாரைப் பூட்டியதாக ஜப்பான் புகார் கூறியது. 2014 ஏப்ரலில் சீனாவின் சிங்தாவ் நகரில் கூடிய மேற்குப் பசிபிக் கடற்படைக் கருத்தரங்கில், எதிர்பாராமல் சந்திக்கும் கப்பல்களுக்கான நடத்தை விதிகளை 21 நாடுகள் ஏற்றன. சட்டக் கட்டாயம் இல்லாத விதிகள்தான். அவற்றில் மிகப் பயனுள்ளது, ரேடியோவில் பயன்படுத்த வேண்டிய சுருக்கமான சொற்றொடர்களின் பட்டியல். மொழி புரியாததால் வரும் விபரீதத்தை அது குறைக்கிறது.

கொள்ளையரை எதிர்த்து ஓர் அட்டவணை

2008-இல் சோமாலியக் கடற்கொள்ளை வெடித்தபோது, ஒன்றோடொன்று பேசிப் பழக்கமில்லாத கடற்படைகள் ஒரே கடலில் வந்து சேர்ந்தன. ஐ.நா. பாதுகாப்பு அவை அந்த ஆண்டு ஜூனில் நிறைவேற்றிய 1816-ஆம் தீர்மானம், சோமாலிய அரசின் ஒப்புதலோடு அதன் ஆட்சிக்கடலுக்குள்ளும் கொள்ளையரைத் துரத்த இடம் கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம், நேட்டோ, அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படை ஆகியவை வந்தன. இந்தியா, சீனா, ரஷ்யா, ஜப்பான், தென்கொரியா தனித்தனியாக வந்தன. யாரும் யாருக்கும் கீழே வேலை செய்ய ஒப்பவில்லை.

தீர்வாக வந்தது, கூட்டணி என்று சொல்ல முடியாத ஒரு வழக்கம். பஹ்ரைனில் அவ்வப்போது கூடும் ‘ஷேட்’ என்ற கூட்டத்தில் யார் எங்கே ரோந்து என்பதைப் பகிர்ந்துகொண்டார்கள். கட்டளை கிடையாது, வந்து சொல்லிவிட்டுப் போகலாம். 2012 முதல் ஏடன் வளைகுடாவில் இந்தியா, சீனா, ஜப்பான் மூன்றும் தம் துணைக்கப்பல் அணிகளின் நேரங்களை ஒரே அட்டவணையில் ஒருங்கிணைத்தன. இமயத்திலும் கிழக்குச் சீனக் கடலிலும் எல்லைத் தகராறு உள்ள மூன்று நாடுகள், வணிகக் கப்பல்கள் வீணாகக் காத்திருக்காதபடி முறைவைத்துப் புறப்பட்டன. 2017 ஏப்ரலில் ‘ஓஎஸ் 35’ என்ற கப்பலைக் கொள்ளையர் தாக்கியபோது, சீன வீரர்கள் கப்பலில் ஏறினார்கள், இந்தியக் கடற்படை ஹெலிகாப்டர் மேலிருந்து காவல் காத்தது. அதே ஆண்டு ஜூனில்தான் பூட்டான் எல்லையை ஒட்டிய டோக்லாமில் இரு நாட்டுத் தரைப்படைகளும் எதிரெதிரே நின்றன என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

கடற்கொள்ளைகளைக் கணக்கெடுக்கும் பன்னாட்டுக் கடல்சார் பணியகத்தின் (ஐஎம்பி) கணக்கில் 2011-இல் 237 ஆக இருந்த சோமாலியத் தாக்குதல்கள் 2013-இல் 15 ஆகச் சரிந்தன. முழுப் பெருமையும் கடற்படைக்கு இல்லை. வணிகக் கப்பல்களில் ஏறிய ஆயுதக் காவலரும், கப்பல் நிறுவனங்கள் பின்பற்றிய தற்காப்பு முறைகளும் பெரிய காரணம். கொள்ளையின் வேரான சோமாலியக் கரையின் வறுமையும் ஆட்சிச் சிதைவும் அப்படியே இருந்ததால், கண்காணிப்பு தளர்ந்ததும் 2023 இறுதியில் அது மீண்டும் தலைதூக்கியது. கடத்தப்பட்ட ‘ரூயென்’ கப்பலை 2024 மார்ச்சில் ஐஎன்எஸ் கொல்கத்தா சுமார் 40 மணிநேர நடவடிக்கையில் மீட்டது. 17 மாலுமிகள் காயமின்றித் தப்பினர், 35 கொள்ளையர் சரணடைந்தனர். மீட்கப்பட்டவர்களில் ஏழு பேர் பல்கேரியர் என்பதால், இந்தியாவோடு அதிகத் தொடர்பில்லாத அந்த நாட்டின் தலைவர்கள் வெளிப்படையாக நன்றி சொன்னார்கள்.

மலாக்கா நீரிணையின் கதை இதைவிடச் சுவையானது. லண்டன் காப்பீட்டுச் சந்தையின் போர் ஆபத்துக் குழு 2005 ஜூனில் அந்த நீரிணையை ஆபத்தான கடலாகப் பட்டியலிட்டது. காப்பீட்டுச் செலவு உயரும் என்பதால் கரையோர நாடுகள் துடித்துப்போயின. 2004-இல் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் தொடங்கியிருந்த கூட்டு ரோந்து, 2005-இல் வானிலிருந்தும் கண்காணிக்கும் அளவுக்கு விரிந்தது. 2006 ஆகஸ்டில் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. 2008-இல் தாய்லாந்தும் சேர்ந்தது. இறையாண்மையில் விட்டுக்கொடுக்காத அண்டை நாடுகளை ஒருங்கிணைத்ததில் தோழமைப் பேச்சைவிடக் காப்பீட்டுக் கட்டணத்துக்குப் பங்கு அதிகம் என்றே நினைக்கிறேன்.

பேரிடரில் வரும் கப்பல்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தியாவையும் தாக்கியிருந்தது. ஆனாலும் இந்தியக் கடற்படைக் கப்பல்கள் ஒரு நாளுக்குள் இலங்கை போய்ச் சேர்ந்தன. மொத்தம் 32 கப்பல்கள் சொந்தக் கரைக்கும் இலங்கை, மாலத்தீவு, இந்தோனேசியாவுக்கும் பிரிந்து சென்றன. சுமத்ராவின் அச்சே மாநிலத்தில் மேற்குக் கரைச் சாலையே அடித்துச் செல்லப்பட்டிருந்தது. அமெரிக்க விமானம் தாங்கிக் கப்பல் ‘ஆபிரகாம் லிங்கன்’ கரைக்கு அப்பால் நின்று ஹெலிகாப்டர்களில் தண்ணீரும் உணவும் அனுப்பியது. சொந்தமாக நன்னீர் தயாரிக்கும் இயந்திரம், மருத்துவமனை, சமையற்கூடம், பறக்கும் தளம் எல்லாம் தன்னிடமே வைத்திருப்பதால், நொறுங்கிப்போன கரைக்குப் பாரமாகாமல் உதவக்கூடியது கப்பல் ஒன்றுதான்.

அது மக்கள் மனத்தில் என்ன செய்தது? பியூ ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், இந்தோனேசியாவில் அமெரிக்காமீது நல்லெண்ணம் கொண்டோர் 2003-இல் 15 விழுக்காடு; 2005-இல் 38. ஈராக் போர்க் காலத்தில் இது பெரிய மாற்றம். அதே வேளையில் இந்தோனேசிய அரசு, வெளிநாட்டுப் படைகள் மூன்று மாதத்துக்குள் வெளியேற வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. நன்றியும் எச்சரிக்கையும் ஒரே வாயிலிருந்து. அதில் முரண்பாடு இல்லை, வந்தது போர்க்கப்பல்தானே.

மாலத்தீவு இதற்கு இன்னும் தெளிவான சான்று. 2014 டிசம்பரில் மாலே நகரின் குடிநீர் ஆலையில் தீப்பிடித்தபோது, ஐஎன்எஸ் சுகன்யா மறுநாளே தண்ணீரோடு போய்ச் சேர்ந்தது. 2019-இல் இந்தியாவோடு கடலடி அளவாய்வு ஒப்பந்தமும் கையெழுத்தானது. ஆட்சி மாறி, 2023 டிசம்பரில் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று மாலத்தீவு அறிவித்தது. கடலின் ஆழத்தை அளந்து வரைபடம் தருவது மீனவருக்கும் வணிகக் கப்பலுக்கும் பெரிய உதவி. நீர்மூழ்கிக் கப்பல் எங்கே ஒளியலாம் என்பதைச் சொல்வதும் அதே தரவுதான். 2024-இல் இலங்கை எல்லா வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கும் ஓராண்டு தடை விதித்ததற்கும், சீன ஆய்வுக் கப்பல்களின் வருகை குறித்து எழுந்த இதே ஐயம் பின்னணியாக இருந்தது.

யேமனில் 2015-இல் போர் மூண்டபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். இந்தியா தன் குடிமக்களோடு 41 நாட்டவரையும் கப்பலிலும் விமானத்திலும் மீட்டது. சீனக் கடற்படையும் பத்து நாட்டவரை ஏடனிலிருந்து ஏற்றிச் சென்றது. முக்கல்லா நகரில் சிக்கியிருந்த 11 இந்தியரைக் காப்பாற்றியது பாகிஸ்தான் கடற்படைக் கப்பல். கராச்சி வழியே அவர்களைத் தனி விமானத்தில் பாகிஸ்தான் ஊருக்கு அனுப்பி வைத்தது, இந்தியப் பிரதமர் நன்றி தெரிவித்தார்.

மூழ்கியவர்களுக்காக

நீர்மூழ்கிக் கப்பல் கடற்படைகளின் பரம ரகசியம். அதனாலேயே 2000 ஆகஸ்டில் ரஷ்யாவின் ‘கூர்ஸ்க்’ மூழ்கியபோது வெளிநாட்டு உதவியை ஏற்கத் தாமதமானது. நார்வே முக்குளிப்போர் கதவைத் திறந்தபோது உயிரோடு யாரும் இல்லை; 118 பேரும் இறந்திருந்தனர். அந்தப் பாடத்தில் விளைந்ததுதான் 2003-இல் தொடங்கிய பன்னாட்டு நீர்மூழ்கி மீட்பு ஒருங்கிணைப்பு அலுவலகம். எந்த நாட்டிடம் என்ன மீட்புக் கருவி, அதை எந்த விமானத்தில் ஏற்றலாம், எந்தத் துறைமுகத்தில் இறக்கலாம் என்ற விவரங்களை அது தயாராக வைத்திருக்கிறது.

2005 ஆகஸ்டில் கம்சாத்கா கடலில் ரஷ்யாவின் சிறு நீர்மூழ்கி ‘ஏஎஸ்-28’ வலைகளில் சிக்கியதும், இம்முறை ரஷ்யா உடனே உதவி கேட்டது. பிரிட்டன் விமானத்தில் அனுப்பிய ஆளில்லாக் கருவி வலைகளை அறுத்தது. ஏழு பேரும் உயிரோடு மேலே வந்தார்கள். 2017-இல் அர்ஜென்டினாவின் ‘சான் ஹுவான்’ 44 பேரோடு காணாமல் போனபோது, ஃபாக்லாந்து தீவுகளுக்காக அந்நாட்டோடு போரிட்ட பிரிட்டனின் கப்பலும் தேடுதலில் சேர்ந்தது. 2021-இல் இந்தோனேசியாவின் ‘நங்கலா’ 53 பேரோடு மூழ்கியபோது சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா, இந்தியா, அமெரிக்கா உதவ முன்வந்தன. சிதைவை மேலே எடுக்கும் முயற்சிக்குச் சீனக் கப்பல்கள் வந்தன. தம் ரகசியங்களை மீறிக் கடற்படைகள் ஒத்துழைக்கும் துறை இது. அமைதிக்கால ஒத்துழைப்பில் இதைத்தான் முதலிடத்தில் வைப்பேன்.

உடைந்த பாலங்கள்

2001 ஏப்ரலில் இஸ்தான்புல்லில் துருக்கி, ரஷ்யா, உக்ரைன், ஜார்ஜியா, ருமேனியா, பல்கேரியா ஆறும் சேர்ந்து கருங்கடல் கூட்டுக் கடற்படை அணியை அமைத்தன. மீட்புப் பணி, கண்ணிவெடி அகற்றல், நல்லெண்ணப் பயணம் எல்லாம் அதன் நோக்கங்கள். 2008-இல் ரஷ்யாவும் ஜார்ஜியாவும் போரிட்டன. 2014-இல் கிரிமியா பறிபோனது. 2022-இல் முழுப் போர். அந்த அணியின் பயிற்சிகள் எதையும் தடுக்கவில்லை. 2024 ஜனவரியில் துருக்கி, ருமேனியா, பல்கேரியா மூன்றும் கருங்கடலில் மிதக்கும் கண்ணிவெடிகளை அகற்றத் தனி அணி அமைத்தன. ஆறு மூன்றானது.

அந்தக் கடலில் ஓரளவாவது போரை மட்டுப்படுத்தியது 1936-இல் எழுதிய ஓர் ஆவணம். மோன்ட்ரோ உடன்படிக்கையின்படி, போரிடும் நாடுகளின் போர்க்கப்பல்களுக்குத் துருக்கி 2022 பிப்ரவரி இறுதியில் கருங்கடலின் வாயிலான தன் நீரிணைகளை மூடியது. நண்பர்களும் எதிரிகளும் அதை மதித்தார்கள். விதி பழையது, தெளிவானது; நிறைவேற்றும் பொறுப்பு ஒரே நாட்டிடம்.

ரிம்பேக் பயிற்சியும் சொல்லத் தக்கது. பசிபிக்கின் இந்தப் பெரும் பயிற்சிக்கு 2014-இல் முதன்முறையாகச் சீனாவை அமெரிக்கா அழைத்தது. அழைத்த நான்கு கப்பல்களோடு, அழைக்காத உளவுக் கப்பல் ஒன்றையும் சீனா அனுப்பியது. 2018-இல் தென்சீனக் கடல் தகராறால் அழைப்பே நின்றது. செங்கடலில் 2023 முதல் யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோது அமெரிக்கா தலைமையில் ஒன்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் பெயரில் ஒன்று என இரு காவல் அணிகள் வந்தன. பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவும் ஆப்பிரிக்காவைச் சுற்றியே போயின. கரையில் இருக்கும் ஏவுகணையைக் கடலில் நிற்கும் நல்லெண்ணம் தடுக்காது.

இப்போதைய நிலைமையில் எனக்குக் கவலை தருவது வேறு. 2014 சிங்தாவ் விதிகள் கடற்படைகளுக்கு எழுதப்பட்டவை. தென்சீனக் கடலில் இன்று ஒன்றையொன்று இடிப்பதும் தண்ணீர்ப் பீரங்கி அடிப்பதும் பெரும்பாலும் கடலோரக் காவல் கப்பல்கள். அவற்றோடு மீன்பிடிப் படகுகள் என்ற பெயரில் அரசின் சொல்படி நடக்கும் படகுகள். 2025 ஆகஸ்டில் ஸ்கார்பரோ திட்டு அருகே பிலிப்பைன்ஸ் காவல் கப்பலைத் துரத்தியபோது, சீனாவின் நாசகாரிக் கப்பலும் சீனாவின் காவல் கப்பலுமே ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. கடலோரக் காவல் படைகளையும் விதிகளுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற யோசனை பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. ஆசியான் நாடுகளும் சீனாவும் 2002-இல் வெளியிட்ட பிரகடனத்தைக் கட்டாய நடத்தை விதியாக மாற்றும் பேச்சும் இழுபறியில்தான் இருக்கிறது. இதற்குள் ஆளில்லாக் கப்பல்கள் வந்துவிட்டன. ஒருவரையொருவர் ரேடியோவில் கூப்பிட்டுப் பேசும் இரு மனிதர்களை நம்பித்தான் 1972 ஒப்பந்தமும் 2014 விதிகளும் எழுதப்பட்டன. மறுமுனையில் ஆளே இல்லாத கப்பலுக்கு எந்தச் சொற்றொடரை அனுப்புவது என்பதற்கு இரண்டிலும் விதி இல்லை.